என் பெயருக்கு வைத்த பூசை

எட்டு மாதம் என் வீட்டு பெல்லை யாரும் அடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். நம் தெருக் குடும்பங்கள் ஒன்றுகூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எத்தனையோ பெரிய சாட்சிகளைக் கேட்டிருக்கிறோம். டாக்டர் கைவிட்ட பிள்ளை எழுந்து நடந்தது, லாரிக்கு அடியில் போனவர் கீறல் இல்லாமல் வந்தது. அவற்றின் பக்கத்தில் இதை வைத்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள், நானே சிரித்தேன். ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை வாயைத் திறந்து சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

என் பெயர் ஜெசிந்தா. அறுபத்தோரு வயது. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். என்னிடம் படித்த யாராவது இதை வாசித்தால் என் குணத்தை நான் விளக்க வேண்டியதே இல்லை. கோபம் எனக்கு மூக்குமேல் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு இருந்தது அத்தை மட்டும்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனார்கள். அப்பாவின் தங்கைதான் அத்தை. அரசு ஆஸ்பத்திரியில் நர்சு. அடக்கம் முடிந்த அன்றே என் துணிப்பையையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "யாரு கேட்டாலும் நீ எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்லு, ஜெசி" என்றார். அந்த "எங்க" என்ற சொல்லில் அப்போது அவர் ஒருவர்தான் இருந்தார். அதற்குப் பிறகு நாற்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

இரண்டு பேர் என்று சொல்வது பேருக்குத்தான். அத்தை இருந்தவரை அந்த வீட்டில் நாங்கள் தனியாக இருந்ததே இல்லை. காலை ஆறரை மணிக்கே பெல் அடிக்கும். எங்கள் பெல் குருவி கத்துவதுபோலக் கத்தும். பிரஷர் பார்க்க ஒருவர் வருவார், ஊசி போட்டுக்கொள்ள ஒருவர். ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஒருவர். மருமகள் சோறு போடவில்லை என்று அழுவதற்கே ஒரு அம்மா வருவார். ஒருமுறை ரங்கநாதன் தெருவில் ஜாக்கெட் துணி எடுக்கப் போனோம். அத்தை துணியைப் பார்க்கவில்லை, விற்கிற பெண்ணின் காலைப் பார்த்தார். நாள் முழுக்க நின்று நின்று அது வீங்கிக் கிடந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கடைப் பெண்கள் நான்கு பேர் மாம்பலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து வெந்நீர் பக்கெட்டில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து விடைத்தாள் கட்டோடு வந்து நின்றேன். எனக்கு உட்கார நாற்காலி இல்லை.

"இது வீடா, மாம்பலம் ஸ்டேஷனா அத்தை?" என்று கத்தினேன்.

"ஸ்டேஷன்னா ரயில் வந்துட்டுப் போயிடும்டி. இவங்களுக்குக் காபி போடணும், பால் இருக்கா பாரு" என்றார்.

எல்லோருக்கும் அவர் நர்சம்மா. ஞானஸ்நானப் பெயர் மரியம்மாள் என்பது எனக்கும் ரேஷன் கார்டுக்கும்தான் தெரியும். செத்தபோது ஒட்டிய சுவரொட்டியில்கூட 'நர்சம்மா' என்றுதான் போட்டோம். மரியம்மாள் என்று போட்டால் யார் என்று கேட்பார்கள். எங்கள் கோவில் பங்கில் அந்தப் பெயரில் ஒரு டஜன் பேர் இருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆறரைக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். அது செபமாலை நேரம். செபமாலை எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். முதல் பாதி அத்தையுடையது. இரண்டாம் பாதி என்னுடையது. செபமாலை முடிந்ததும் அத்தை பெயர்களைச் சொல்ல ஆரம்பிப்பார். இன்னாருடைய சர்க்கரை குறைய ஒரு செபம், இன்னாருடைய மகன் குடியை விட ஒரு செபம். அந்தப் பட்டியல் செபமாலையைவிட நீளம். எனக்கு முழங்கால் நோகும். கடைசிப் பெயர் எப்போதும் என் பெயர்தான். அது வந்ததும் எழுந்து விளக்கைப் போடுவேன். அந்தப் பெயரை எதற்காகச் சொல்கிறார் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

போன அக்டோபர் கடைசியில், விடாத மழையில், அத்தை போனார். எண்பத்து நான்கு வயது. இரண்டே நாள் காய்ச்சல். தெரு கொள்ளாத கூட்டம். நான் அழவில்லை. வந்தவர்களெல்லாம் என் அத்தைக்காக என்னைவிட அதிகமாக அழுதார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சாட்சியில் பொய் சொல்லக் கூடாது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். காபி கொடுத்தேன். ஊரூர் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை அடுக்களை வாசலில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள். "டீச்சரு, நர்சம்மா பிரஷர் பாக்குற மிஷினு இருக்குதுல்ல, அத்த நீ வெச்சி பாப்பியா? நாங்க எப்பயும்போல வரட்டா?"

எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "நீங்க பாக்க வந்த ஆளு கல்லறைக்குப் போயாச்சு. இனிமே இந்த வீட்டுல யாருக்கும் ஒரு வேலையும் இல்ல. யாரும் வர வேணாம்!" என்று கூடம் அதிரக் கத்திவிட்டேன். காபி டம்ளர்களைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். போதாக்குறைக்கு அன்று மத்தியானமே அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன்.

சொன்ன சொல்லை மதித்தார்கள். ஒருவர்கூட வரவில்லை.

முதல் வாரம் நிம்மதியாகத்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தபோது ஒரு கேக் துண்டு வாங்கி வந்து, அதைச் சாப்பிடாமல் எறும்புக்கு விட்டேன். அதற்குப் பிறகு நாட்களுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. ஒருநாள் பால் கடையில் "அரை லிட்டர்" என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. மூன்று நாளாக யாரிடமும் பேசியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கோவிலுக்குப் போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடிவதற்கு முன்னால் எழுந்து வந்துவிடுவேன். அப்புறம் அதுவும் நின்றது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினேன். யாருக்காகப் போட வேண்டும் என்று தோன்றியது.

செபமாலைக்கு உட்காருவேன். என் வாய்க்கு இரண்டாம் பாதிதான் பழக்கம். முதல் பாதிக்காகக் காத்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் பறக்கும் ரயில் ஒன்று போகும், இன்னொன்று போகும். மணியைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டு எழுந்துகொள்வேன்.

ஜூலையில் ஒருநாள் பெல் கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. யாராவது வந்து அடித்து, சத்தம் வராமல் திரும்பிப் போயிருக்கலாம் அல்லவா? கதவைத் திறந்து வெளியே போய் என் வீட்டு பெல்லை நானே அடித்தேன். குருவி நன்றாகவே கத்தியது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அத்தை செத்ததற்கு அழாத அழுகையை எல்லாம் அன்றுதான் அழுதேன்.

செங்கற்பட்டுப் பக்கம் கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இடம் இருப்பதாகத் தெரியவந்தது. அது நல்ல இல்லம்தான். அங்கே சந்தோஷமாக இருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நான் அங்கே வாழ்வதற்காகப் போகத் தீர்மானிக்கவில்லை. இங்கே செத்தால் நாற்றம் அடித்துத்தான் தெரியும், அங்கே என்றால் காலையிலேயே தெரிந்துவிடும். அவ்வளவுதான் என் கணக்கு. வீட்டைக் காலி செய்கிறேனா இல்லையா என்று வீட்டுக்காரர் திங்கட்கிழமை பதில் கேட்டிருந்தார். அதற்கு முந்தின வியாழக்கிழமை, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். முழங்கால்கூடப் போடவில்லை. சண்டைக்காரி மாதிரி நின்றேன்.

"ஆண்டவரே, மனுஷங்க வேணாம்னு சொன்னது நான்தான். தப்புதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள யாராவது ஒருத்தர் இந்த பெல்லை அடிக்கணும். யாரா இருந்தாலும் சரி, எதுக்கு வந்தாலும் சரி. அடிக்கலன்னா நான் போயிடறேன்."

இதுதான் என் வேண்டுதல். இதைவிடச் சின்னதாக ஆண்டவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிறு அத்தையின் பிறந்தநாள். போவதற்கு முன் அத்தையின் ஆன்மா இளைப்பாற ஒரு பூசை வைத்துவிட்டுப் போகலாம் என்று வெள்ளிக்கிழமை பங்கு அலுவலகத்துக்குப் போனேன். பூசைக் கருத்தை, அதாவது யாருக்காகப் பூசை என்பதை, எழுதிக் கொடுக்கும் உறையை மேசைமேல் வைத்திருந்தார்கள். கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள், கோவிலில் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையை வாசிக்கக் கொடுக்க வந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் எதையோ எழுதி, உறையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலைப் பூசைக்குத்தான் கொடுத்திருந்தேன். இரவெல்லாம் விழித்துக்கொண்டிருந்துவிட்டு விடியற்காலையில் அயர்ந்துவிட்டேன். எழுந்தபோது மணி எட்டரை. அத்தையின் கடைசிப் பூசைக்கும் நான் போகவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்பது இருக்கும். குருவி கத்தியது.

முதலில் நம்பவில்லை. மறுபடியும் கத்தியது. விடாமல் கத்தியது. தலையை வாராமல், நைட்டியோடு போய்க் கதவைத் திறந்தேன்.

அஞ்சலை நின்றிருந்தாள். ஒரு கையில் சாமந்தி மாலை. பின்னால் அன்பியத் தலைவி ரீட்டா, இட்லி அடுக்கிய ஹாட்பாக்சோடு. என்னைப் பார்த்ததும் அஞ்சலை போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடிக் கதவு திறந்தது.

"அய்யய்யோ! டீச்சரு! நீ கீறியா!"

"இங்கதான் இருக்கேன். எதுக்கு இப்படிக் கத்தற?"

"இன்னாது எதுக்கா? நீ பூட்டேன்னு கோயில்ல படிச்சாங்களாம்! இந்த ரீட்டாம்மா வவ்வாலு மீனு வாங்க வந்து சொல்லிச்சி. கூடைய அப்டியே போட்டுட்டு, பூ வாங்கினு ஓடியாறேன்!" என்று சொன்னவள் என் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். எனக்கு வலித்தது. அவள் படியிலேயே உட்கார்ந்து, மாலையை மடியில் போட்டுக்கொண்டு, ஓவென்று அழுதாள்.

ரீட்டா நடந்ததைச் சொன்னாள். பூசைக்கு முன்னால், பங்கு அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சூசை சார் கருத்துகளை வாசித்திருக்கிறார். "ஜெசிந்தாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வந்திருக்கிறது. அவரே ஒரு நிமிடம் தடுமாறியிருக்கிறார். பங்குத் தந்தை ஜூன் மாதம்தான் மாற்றலாகி வந்தவர், அவருக்கு என்னைத் தெரியாது. பூசை முடிந்ததும் வாசலில் ஒரே பேச்சு.

"எப்ப செத்தாங்க, எங்க அடக்கம் பண்ணாங்க, எதுவுமே யாருக்கும் தெரியல டீச்சர். ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்து காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிட்டாங்கன்னு நெனச்சிட்டோம். குரூப்ல உங்க போட்டோகூட போட்டாச்சு" என்று ரீட்டா தலையைக் குனிந்துகொண்டாள். "இருக்காதுன்னு ஒருத்தருக்கும் தோணல. உங்களப் பாத்து எத்தனையோ மாசம் ஆச்சே."

சகோதர சகோதரிகளே, அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. நான் செத்துவிட்டேன் என்றதை எல்லோரும் உடனே நம்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எட்டு மாதமாக அப்படித்தானே இருந்தேன்.

அஞ்சலை மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "நீ அன்னிக்கி அப்டி சொல்ட்ட. எனக்கும் ரோசம். இந்தத் தெருவுல மீனு வித்துகினு போவசொல்ல, கீய நின்னு ஒன் ஜன்னல பாப்பேன். ஏறி வர்ல. நீ செத்துட்டன்னதும் வயிறு எரிஞ்சிப்போச்சி டீச்சரு. நர்சம்மா மேலருந்து என்னைய கேக்குமே, எம்பொண்ண ஏன்டி தனியா உட்டன்னு!"

"நான்தான்டி தப்பா பேசினேன்" என்றேன். எனக்குத் தெரிந்து யாரிடமும் நான் அப்படி ஒப்புக்கொண்டதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூட.

"அத்த உடு. சாப்ட்டியா நீ?"

இல்லை என்று தலையாட்டினேன். ரீட்டா ஹாட்பாக்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "சாவு வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டாங்க, சொந்தக்காரங்க பசியோட இருப்பாங்கன்னு சுட்டது டீச்சர். இதப் போயி உங்களுக்கு எப்படிக் குடுக்கறது?"

"குடும்மா, பசிக்குது" என்றேன். என் சாவுக்குச் சுட்ட இட்லியில் ஏழு சாப்பிட்டேன். அத்தை போனபிறகு பசி என்று உணர்ந்தது அன்றைக்குத்தான்.

குருவிக்கு அன்று ஓய்வே இல்லை. மத்தியானத்துக்குள் படி முழுக்கச் செருப்பு. ஒவ்வொருவரும் அழுத முகத்தோடு ஏறி வந்து, என்னைக் கண்டு அலறி, பிறகு சிரித்து, பிறகு மறுபடி அழுதார்கள். மாம்பலத்துக் கடைப் பெண்களில் ஒருத்தி, இப்போது அவளுக்கே வளர்ந்த பிள்ளைகள், தேங்காய் எண்ணெய் வாசனையோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு உட்கார நாற்காலி இல்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பங்குத் தந்தை ஸ்கூட்டரில் வந்துவிட்டார், கூடவே முகம் வெளுத்துப்போன சூசை சார். ஃபாதர் பையிலிருந்து அந்த உறையை எடுத்தார்.

"டீச்சர், எங்க ஆபீஸ்ல தப்பு நடந்திருந்தா மன்னிச்சிடுங்க. ஆனா இதுல இப்படித்தான் இருக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என் கையெழுத்துதான். உறையில் முதல் வரி 'பெயர்'. அங்கே யாருடைய ஆன்மாவுக்குப் பூசையோ அவருடைய பெயரை எழுத வேண்டும். நான் ஆயுசு முழுக்க எந்தப் படிவத்தைக் கண்டாலும் முதலில் எழுதுவதுபோல என் பெயரை எழுதியிருக்கிறேன். 'இறந்தோர்' என்ற கட்டத்தில் ஒரு டிக், விடைத்தாளில் போடுவேனே அதே டிக். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளிடம் "கேள்வியப் படிச்சிட்டு பதில எழுது" என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

"ஒப்புக்கொடுப்பவர்னு ஒரு பேரு இருக்கே, மரியம்மாள். அவங்க யாரு? அவங்களையாவது கேக்கலாம்னு பங்குல எல்லா மரியம்மாளையும் விசாரிச்சிட்டோம்" என்றார் ஃபாதர்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எங்க அத்தை, ஃபாதர்" என்றேன்.

சூசை சார் சிலுவை வரைந்துகொண்டார். அஞ்சலைதான் முதலில் வாயைத் திறந்தாள். "பாத்தியா? நர்சம்மா ஒனக்கு பூசை வெச்சிகீது."

ஃபாதர் சின்ன வயதுக்காரர், பெரிய விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. "ஒப்புக்கொடுத்த பூசைய நான் திருப்பி வாங்க முடியாது டீச்சர். அது உங்களுக்குத்தான். வெச்சிக்குங்க" என்றார்.

நாற்பத்தெட்டு வருடம் பட்டியலின் கடைசியில் என் பெயரைச் சொன்னவர் அத்தை. எட்டு மாதமாக என் பெயரை எங்கேயும் யாரும் சொல்லவில்லை என்றுதான் நான் செத்துக்கொண்டிருந்தேன். அன்று பீடத்துக்கு முன்னால் என் பெயரைச் சொல்ல வைத்தது அத்தையின் பெயர். என் கண் மங்கலும் என் அவசரமும்தான் அதற்குக் காரணம் என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? தெரியும். அந்த மங்கலையும் அவசரத்தையும் ஆண்டவர் கையில் எடுத்துக்கொண்டார் என்றும் தெரியும். ஒருவர் பெல் அடித்தால் போதும் என்று கேட்டேன். எத்தனை பேர் அடித்தார்கள் என்று எண்ணக்கூட எனக்கு நேரம் இல்லை.

திங்கட்கிழமை வீட்டுக்காரரிடம் காலி செய்யவில்லை என்றேன். மாத்திரையை மறுபடி போடுகிறேன். பிரஷர் மிஷினைத் துடைத்துப் புது பேட்டரி போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். வைத்தியம் எனக்குத் தெரியாது. எண்ணைப் படித்துச் சொல்லி, கூடினால் டாக்டரிடம் துரத்துவேன். துரத்துவதில் எனக்கு நல்ல அனுபவம். முதல் கை எப்போதும் அஞ்சலையுடையது, பிறகு காபி.

தனிமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு அது வந்து என் பக்கத்தில் உட்காருகிறது. செவ்வாயும் வெள்ளியும் ரீட்டா வருகிறாள், நான் இரண்டாம் பாதியைச் சொல்கிறேன். மற்ற நாட்களில் இரண்டு பாதியையும் நானே சொல்கிறேன். முடிந்ததும் பெயர்களைச் சொல்கிறேன். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, முழங்கால் நோகிறது, விளக்குப் போட நேரமாகிவிடுகிறது. அந்த உறையை ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பெரிதாகச் செபிக்கத் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். என்னைப்போல நின்றுகொண்டு சண்டையாவது போடுங்கள். அவர் கேட்பார்.

கூட்டமாக இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, ரொம்ப நாளாக நீங்கள் பார்க்காத ஒருவருடைய பெல்லை அடியுங்கள். கதவைத் திறந்து, எதற்கு வந்தாய் என்று திட்டுவார்கள். திரும்பி வந்துவிட்டு மறுநாளும் போய் அடியுங்கள். யாராவது வரமாட்டார்களா என்று முந்தின இரவு அழுதுகொண்டே ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டவர் அவராகத்தான் இருப்பார்.